முகத்தைக் கொஞ்சம் சும்மா விடுங்கள்!

கொரோனா ஊரடங்கு நாட்களில் வந்த கேள்விகளைப் பார்த்தால் எல்லோர் வீட்டுக் குளியலறையும் பரிசோதனைக் கூடமாகிவிட்டது போலிருந்தது. பார்லர் மூடியிருந்தது, நேரம் கிடந்தது, போனைத் திறந்தால் ஒரு வீடியோ. மீதியை நீங்களே எழுதி அனுப்பினீர்கள். அப்போது சொன்ன பதில்கள் இவை.

கேள்வி: வீடியோ பார்த்து எலுமிச்சைச் சாற்றில் பேக்கிங் சோடா குழைத்து முகத்தில் தேய்த்தேன். லேசாகக் கழுவிவிட்டு மாடியில் துணி காயப்போட்டேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து கன்னத்திலும் கழுத்திலும் சாறு வழிந்த இடமெல்லாம் சிவந்து, இப்போது பழுப்புக் கோடுகளாக நிற்கிறது. அலர்ஜியா மேடம்?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அலர்ஜி மாதிரி தெரியவில்லை, எலுமிச்சையும் வெயிலும் சேர்ந்து பார்த்த வேலை. எலுமிச்சை வகைப் பழங்களில், முக்கியமாக அவற்றின் தோலில், ஃபியூரோகூமரின் என்றொரு பொருள் இருக்கிறது. அது சருமத்தில் ஒட்டியிருக்கும்போது வெயிலின் புற ஊதா ஏ கதிர் பட்டால் அந்த இடம் வெந்துவிடும். சிவப்பு உடனே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வரும். அதற்குள் எலுமிச்சையை மறந்துவிட்டு வேறு எதையாவது சந்தேகப்படத் தொடங்கிவிடுவோம். வழிந்த தடம் அப்படியே கோடாக இருப்பதுதான் இதன் அடையாளம்.

சோடாவையும் விட்டுவைக்க முடியாது. நம் சருமத்தின் மேற்பரப்பு லேசான அமிலம், அதன் பி.எச். அளவு (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5-ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சைச் சாறு 2-க்குப் பக்கத்தில், சோடாக் கரைசல் 8-க்கு மேல். இரண்டையும் கலந்தால் பொங்குகிறதே, அதைப் பார்த்து ஏதோ பலமாக வேலை செய்கிறது என்று தோன்றும், ஆனால் அது வெறும் கார்பன் டை ஆக்சைடு, அழுக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போதாததற்குக் கரையாத சோடாத் துகள் வேறு, சருமத்தைச் சுரண்டியிருக்கும்.

இப்போது அந்தத் தடத்தை வெளுக்கவைக்கிறேன் என்று இன்னொரு வீடியோ தேடாதீர்கள். மென்மையான ஃபேஸ் வாஷ், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், வெயிலில் போனால் சன்ஸ்கிரீன், அவ்வளவுதான். பழுப்பு மங்கச் சில வாரம் ஆகும், சிலருக்குச் சில மாதம்கூட ஆகும். கொப்புளம் இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், தோல் மருத்துவரிடம் போனிலாவது பேசிவிடுங்கள்.

கேள்வி: பருவின்மேல் டூத் பேஸ்ட் வைக்கலாமா?

பதில்: பல்லில் வையுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே இருப்பதால் ஆன்லைனில் வைட்டமின் சி சீரம், கிளைகாலிக் ஆசிட், ரெட்டினால் மூன்றும் வாங்கினேன். காலையில் ஒன்று, இரவில் இரண்டு என்று ஒரே வாரத்தில் எல்லாம் ஆரம்பித்தேன். இப்போது வெறும் தண்ணீர் பட்டாலே முகம் எரிகிறது. தோல் உரிகிறது. “பர்ஜிங்” என்கிறார்களே, அதுவா? தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம். இன்று இரவே மூன்றையும் எடுத்து அலமாரியில் வையுங்கள்.

சருமத்தின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி: செத்த செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவில் இருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் பூச்சு. கிளைகாலிக் ஆசிட் செங்கல்களை ஒட்டியிருக்கும் பிடிப்பைத் தளர்த்துகிறது, ரெட்டினால் புது செல்கள் வரும் வேகத்தைக் கூட்டுகிறது. பழகாத சருமத்தில் இரண்டும் ஒரே இரவில் இறங்கினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகிறது, வெளியிலிருப்பது உள்ளே போகிறது, அப்போது தண்ணீர்கூட எரியும். பர்ஜிங் என்று சொல்வது ரெட்டினால் போன்றவற்றை ஆரம்பித்த முதல் சில வாரங்களில் ஏற்கெனவே உள்ளே உருவாகிக்கொண்டிருந்த பருக்கள் சீக்கிரமாக மேலே வருவதை. எரிச்சலுக்கு அந்தப் பெயர் வைத்துச் சமாதானம் ஆகிவிடக் கூடாது.

எரிச்சல் முழுதாக அடங்கும் வரை முகம் கழுவ, ஈரம் காக்க, வெயிலைத் தடுக்க, இந்த மூன்றுக்கு மட்டும்தான் அனுமதி. இரண்டு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். அப்புறம் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ரெட்டினால் என்றால் வாரத்தில் இரண்டு இரவு, பட்டாணி அளவு. அடுத்ததைத் தொடும் முன் குறைந்தது நான்கு வாரம் விடுங்கள், ஏனென்றால் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிரவே சுமார் நான்கு வாரம் ஆகிறது. அதற்கு முன் “பலன் தெரிகிறது” என்பவர் பார்ப்பது பெரும்பாலும் மாய்ஸ்சரைசரின் பளபளப்பை. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் நல்லது நடந்தாலும் எதனால் என்று தெரியாது, கெட்டது நடந்தாலும் தெரியாது. யாரும் நம் முகத்தைப் பார்க்காத இந்த நாட்களில், ஒன்றை மட்டும் போட்டு ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கலாமே. இன்னொன்று, கர்ப்பமாக இருந்தாலோ அதற்கு முயன்றாலோ ரெட்டினால் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: நானே முன்நெற்றி முடியை வெட்டிக்கொண்டேன். புருவத்துக்கு வர வேண்டியது நெற்றி நடுவில் நிற்கிறது. எப்போது வளரும்?

பதில்: மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர், அதை எந்த எண்ணெயும் வேகப்படுத்தாது. ஈரமாக இருக்கும்போது வெட்டியிருப்பீர்கள், முடி ஈரத்தில் நீளும், காய்ந்ததும் மேலே ஏறிக்கொள்ளும். அடுத்த முறை (வரும், எனக்குத் தெரியும்) காய்ந்த முடியில், நினைத்ததைவிட ஒரு விரல் கீழே, கத்தரிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்து நுனி நுனியாக வெட்டுங்கள். காகிதம் வெட்டும் கத்தரிக்கோல் வேண்டாம், மழுங்கிய கத்தரிக்கோல் முடியை நசுக்கிப் பிளவுபட வைக்கும்.

கேள்வி: தலைக்கு ஏற்கெனவே கறுப்புச் சாயம் போட்டிருக்கிறேன். கடை டப்பாவில் வரும் வெளிர் பழுப்புச் சாயத்தை அதன்மேல் போட்டால் நிறம் மாறுமா?

பதில்: மாறும், வேர்ப்பக்கம் மட்டும். சாயத்தைச் சாயம் வெளுக்காது என்பது பார்லரில் முதலில் கற்றுக்கொடுக்கும் பாடம். புதிதாக வளர்ந்த முடியில் பழுப்பு பிடிக்கும், அதுவும் உச்சந்தலையின் சூட்டில் அங்கே சீக்கிரமாகவும் பளீரென்றும் பிடிக்கும், கீழே கறுப்பு கறுப்பாகவே இருக்கும். பழைய கறுப்பை எடுக்க பிளீச் வேண்டும், அதை வீட்டில் தனியாகச் செய்யச் சொல்ல மாட்டேன். 12 சதவீத பெராக்சைடு டப்பாவை வாங்கி வைத்திருந்தால் அது அப்படியே இருக்கட்டும். பார்லர் திறக்கும்வரை பொறுங்கள்.

எந்த நிறமானாலும் 48 மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு துளி வைத்துப் பாருங்கள். நிரந்தரச் சாயங்கள் பலவற்றில் இருக்கும் பிபிடி என்ற பொருள், இத்தனை வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று முகத்தை வீங்கவைக்கக்கூடியது. எப்போதாவது கறுப்பு மருதாணி என்று தற்காலிக டாட்டூ போட்டு அரித்திருந்தால் சாயத்தின் பக்கமே போகாதீர்கள், அதிலும் பெரும்பாலும் அதே பொருள்தான்.

கேள்வி: ஷாம்பு போடாமல் விட்டால் சில வாரத்தில் தலை பழகிப்போய் எண்ணெய் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும் என்று படித்தேன். ஊரடங்கில் முயன்று பார்க்கிறேன். பொடுகுதான் வருகிறது. நான் எதில் தவறினேன்?

பதில்: தவறு உங்களுடையது இல்லை தம்பி, படித்ததில்தான். எண்ணெய்ச் சுரப்பிகளை நடத்துவது ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள், நீங்கள் ஷாம்பு போட்டீர்களா இல்லையா என்பது அவற்றுக்குத் தெரியாது. ஆனால் மலசீஸியா என்ற ஈஸ்ட்டுக்கு, அதாவது ஒரு வகைப் பூஞ்சைக்கு, தெரியும். எல்லோர் தலையிலும் இருப்பதுதான், எண்ணெயைத் தின்று வாழ்வது. அது விட்டுவைக்கும் கழிவு உறுத்தும் தலைகளில் பொடுகு வரும். அந்தப் பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் இரண்டு முறை, நுரையை ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். பொடுகின்மேல் எண்ணெய் வைப்பது அந்த ஈஸ்ட்டுக்குப் படையல்.

கேள்வி: எண்ணெயே கூடாதா? தேங்காய் எண்ணெய் வைத்தால் முடி கொட்டுவது நிற்குமா? வெங்காயச் சாறு? இரண்டு மாதத்துக்கு முன் கடும் காய்ச்சல் வந்தது. இப்போது சீப்பு நிறைய முடி வருகிறது.

பதில்: உங்கள் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், பெரிய அதிர்ச்சி, இவற்றுக்குப் பிறகு நிறைய முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடும், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிரும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால் அந்த நேரத்தில் எதைத் தடவிக்கொண்டிருந்தீர்களோ அதற்குத்தான் பெயர் கிடைக்கும். வெங்காயச் சாறு வட்ட வட்டமாக முடி உதிரும் நோய்க்கு ஒரு சிறிய ஆய்வில் பலன் தந்திருக்கிறது, உங்களுக்கு இருப்பது அது இல்லை. தேங்காய் எண்ணெயைக் குளிப்பதற்கு முன் முடியின் நீளத்தில் தடவுங்கள், அது முடிக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கும்; 2003-இல் வந்த ஓர் ஆய்வில் சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் அதைச் செய்யவில்லை. ஆனால் முடி உடைவது வேறு, வேரோடு உதிர்வது வேறு. ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் இரும்புச் சத்தும் தைராய்டும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டை விட்டே போவதில்லை. சன்ஸ்கிரீன் எதற்கு?

பதில்: ஜன்னல் ஓரத்தில் மேசை போட்டிருந்தால் போடுங்கள், கண்ணாடி புற ஊதா பி-யைத் தடுக்கும், ஏ-யைப் பெரிதாகத் தடுக்காது. உள்ளறையில் இருந்தால் தேவையில்லை. வீட்டில் ஜிங்க் ஆக்சைடு பொடியை எண்ணெயில் கலந்து தயாரிப்பது மட்டும் வேண்டாம், பொடி திட்டுத் திட்டாகத்தான் நிற்கும்.

கேள்வி: கணவருக்கு நானே கிளிப்பர் வைத்து முடி வெட்ட வேண்டியிருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: கிளிப்பரோடு வரும் 4-ஆம் எண் சீப்பை மாட்டிக்கொள்ளுங்கள், அது சுமார் 13 மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும்; 1-ஆம் எண் 3 மில்லிமீட்டர்தான் விடும். காய்ந்த தலையில், பின்பக்கம் கீழிருந்து, முடி வளரும் திசைக்கு எதிராக ஏறுங்கள். நீளம் அதிகம் என்று தோன்றினால் 3-க்கு இறங்கலாம். சீப்பு கழன்றிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். முடியும்வரை அவர் கையில் கண்ணாடி தராதீர்கள்.