கேக் மாதிரி மணக்காத வெனிலா சென்ட்: கடையில பத்து நிமிஷம் நின்னா தெரியாது

தண்டையார்பேட்டையில இருந்து தினமும் மெட்ரோ புடிச்சு நந்தனம் ஆபீஸ் போற தங்கச்சி ஒருத்தங்க கேட்டிருக்காங்க. லேசா, கதகதப்பா இருக்கிற வெனிலா சென்ட் ஒண்ணு வேணுமாம். போன தடவை மால்ல பேப்பர்ல அடிச்சு காமிச்சப்ப சூப்பரா இருந்துச்சு, வாங்கி வந்து போட்டா அரை மணி நேரத்துல பர்த்டே கேக் வாசம், பக்கத்து சீட் அக்கா தலைவலின்னு எடத்தையே மாத்திக்கிட்டாங்களாம். பட்ஜெட் 1500 ரூபா, காசு குடுக்கறதுக்கு முன்னாடி எப்படி ட்ரை பண்றது, அப்புறம் அந்த பழைய பாட்டில்ல இருக்கிறது பழுப்பா மாறிடுச்சு, கெட்டுப்போச்சா? இதான் கேள்வி.

மண்ணடியில ஒரு சின்ன அத்தர் கடை கவுண்டர்ல பல வருஷம் நின்னவன் நான், இதே கதைய எத்தனை பேர் சொல்லி கேட்டிருக்கேன்னு கணக்கே இல்ல. தப்பு உங்க மேல இல்லம்மா, அந்த பேப்பர் மேல. சென்ட்ல முதல்ல கிளம்பறது எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி சீக்கிரம் பறந்துடற சமாச்சாரம், நடுவுல பூ, வெனிலா கடைசி ஆளு. அதோட மூலக்கூறு சட்டுனு ஆவியாகாது, மெதுவா வந்து மணிக்கணக்குல உக்காந்துக்கும். அதனால ஏசி போட்ட கடையில நீங்க மோந்து பாத்து புடிச்சுப்போனது பெரும்பாலும் அந்த முதல் பத்து நிமிஷத்தை, வெனிலாவ இல்ல. வெளிய வந்து வெயிலும் வேர்வையும் பட்டதும்தான் உண்மையான ஆளு எழுந்து வர்றாரு, நம்ம ஊரு புழுக்கத்துல இனிப்பு வாசம் ஒண்ணுக்கு ரெண்டா தூக்கும்.

இன்னொன்னு, "வெனிலா"ன்னு பாட்டில்ல போட்டிருந்தா எல்லாம் ஒண்ணு இல்ல. கூட எது சேந்திருக்குன்னு பாக்கணும். கேரமல், பிரலின் (சர்க்கரையில பொரட்டின கொட்டை மிட்டாய்), மார்ஷ்மெல்லோன்னு எழுதியிருந்தா உங்களுக்கு அது வேணாம், அதுல பெரும்பாலும் எத்தில் மால்டால்னு ஒரு பொருள் இருக்கும், அப்படியே பஞ்சு மிட்டாய் வாசம். சந்தனம், பென்சாயின், டோங்கா (ஒரு வாசனை விதை), மஸ்க் (கஸ்தூரி)னு இருந்தா கிட்ட போய் பாருங்க. பென்சாயின்னா பயப்படாதீங்க, நம்ம வீட்டு சாம்பிராணிதான். வெள்ளிக்கிழமை சாயந்தரம் புகை போட்டு முடிச்சப்புறம் தலைகாணி ஒறையில ஒரு மெல்லிய இனிப்பு தங்குது பாருங்க, அந்த பிசின்லயே இயற்கையா கொஞ்சம் வெனிலின், அதாவது வெனிலாவுக்கு அந்த வாசத்த குடுக்கிற பொருள், இருக்கு. நீங்க "கதகதப்பு"ன்னு சொல்றது அதத்தான்னு நெனைக்கிறேன், பேக்கரிய இல்ல. கடைக்காரர் கிட்ட வெனிலா குடுங்கன்னு கேக்காம, சாம்பிராணி சந்தனம் பக்கம் சாய்ஞ்ச வெனிலா குடுங்கன்னு கேளுங்க, பாதி வேலை முடிஞ்சுடும்.

"ஒரிஜினல் வெனிலா, பியூர்"னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகருங்க. வெனிலா ஒரு ஆர்க்கிட் கொடி, மெக்சிகோ பக்கத்து சரக்கு, பூ ஒரே ஒரு நாள்தான் தொறந்திருக்கும், மத்த ஊர்ல காய் புடிக்கணும்னா ஒவ்வொரு பூவையும் கையால மகரந்தம் சேக்கணும், அந்த வித்தைய 1841ல ரீயூனியன் தீவுல எட்மண்ட் அல்பியஸ்னு 12 வயசு அடிமைப் பையன் கண்டுபுடிச்சான். காய் பறிச்சப்புறம் பதப்படுத்த மாசக்கணக்கு ஆகும், அப்பவும் காயில வெனிலின் 2 சதவீதம் அளவுதான். 1500 ரூபா பாட்டில்ல அத எதிர்பாக்க முடியுமா? அதுக்காக செயற்கை வெனிலின் மட்டம்னு அர்த்தம் இல்ல, 1874லயே பைன் மரத்து சாறுல இருந்து அத செஞ்சுட்டாங்க, 1925ல வந்த ஷாலிமார்னு பேர் போன பிரெஞ்சு சென்ட்ல இருக்கிறதே எத்தில் வெனிலின்னு ஒரு செயற்கை வகைதான், சாதா வெனிலினை விட ரெண்டு மூணு மடங்கு ஸ்ட்ராங்கு. அத்தர் கடையில "வெனிலா அத்தர்"னு குடுப்பாங்க, அதுவும் கலவைதான், பன்னீர் மாதிரி வெனிலாவ ஆவியில வடிச்சு எடுக்க முடியாது.

ஆனா உங்க தேவைக்கு அந்த அத்தர், அதாவது எண்ணெயில கலந்த ரோல்-ஆன்தான் என் சாய்ஸ். ஆல்கஹால் இல்லாததால ரூம் பூரா பறக்காது, தோலோட ஒட்டி நிக்கும், பக்கத்துல வந்தாதான் தெரியும், பக்கத்து சீட் அக்காவும் திரும்பி வருவாங்க. 6 மில்லி சின்ன பாட்டில் வாங்கிட்டா பட்ஜெட்டும் தாண்டாது.

ட்ரை பண்றது எப்படின்னா, லீவு நாள்ல மண்ணடிக்கு வாங்க, காலையிலேயே வாங்க, அன்னிக்கு வேற சென்ட் போடாதீங்க, வாசமான பாடி லோஷனும் வேணாம். மூணுக்கு மேல மோந்து பாக்காதீங்க, அப்புறம் மூக்கு மரத்துடும், கடையில காபிக்கொட்டைய நீட்டுவாங்க, அதெல்லாம் சும்மா, வெளிய வந்து காத்து வாங்கினாலே போதும். புடிச்சத ஒரு கையில ஒண்ணு, இன்னொரு கையில ஒண்ணு, முழங்கை மடிப்புல தொட்டு வெச்சுட்டு காசு குடுக்காம கிளம்பிடுங்க. கடைக்காரர் மூஞ்சி மாறும், பரவாயில்ல, நல்ல கடைன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வெயில்ல நடங்க, மெட்ரோ ஏறுங்க, வீட்டுக்கு போய் சமைங்க, மதியம் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை மோந்து பாருங்க. உங்க மூக்க மட்டும் நம்பாதீங்க, அது ஒரு மணி நேரத்துல பழகிடும், வீட்ல யாரையாவது கேளுங்க, "இன்னா வாசம் இது"ன்னு முகம் சுளிக்காம கேட்டாங்கன்னா பாஸு. அடுத்த நாள் வரைக்கும் அந்த எடத்துல அரிப்பு, செவப்பு எதுவும் வரலைன்னு பாத்துட்டு அப்புறம் போய் வாங்குங்க.

ஒரு விஷயம் யாரும் சொல்றதில்ல, தலைக்கு தேங்காண்ணை தடவிட்டு வெனிலா போட்டா ரெண்டும் சேந்து தேங்கா பிஸ்கட் ஆயிடும். போன தடவை கேக் வாசம் வந்ததுக்கு அது கூட ஒரு காரணமா இருக்கலாம். எண்ணெய் வெச்ச அன்னிக்கு விட்டுடுங்க. மத்த நாள்ல வாசமில்லாத வாசலின் துளி தடவி அது மேல ஒரு கோடு இழுத்தா போதும், ஸ்ப்ரேன்னா ரெண்டே அமுக்கு, அதுவும் கிளம்பறதுக்கு கால் மணி நேரம் முன்னாடி.

பழுப்பான பாட்டில தூக்கிப் போட்டுடாதீங்க. வெனிலின் காத்தும் வெளிச்சமும் பட்டு நாளாக ஆக நிறம் மாறும், அது அதோட குணம், மோந்து பாத்து புளிப்போ பெயிண்ட் வாசமோ அடிச்சாதான் கெட்டுப்போச்சு. ஜன்னலோரமும் பாத்ரூமும் இல்லாம பீரோக்குள்ள வைங்க. ஆனா அதே காரணத்துக்காக வெள்ளை குர்தா மேல மட்டும் நேரா அடிக்காதீங்க, அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, நாலு தொவைப்பு கழிச்சு காலர்ல மஞ்சளா ஒரு திட்டு வந்து நிக்கும், எந்த சோப்பு போட்டாலும் லேசுல போகாது.