பிரேக் ஆயில் குறைந்தால் கையிலிருக்கும் கியர் ஆயிலை ஊற்றலாமா?

ஆட்டோமேட்டிக் காருக்கு வாங்கிய சிவப்பு நிறக் கியர் ஆயில் அரை லிட்டர் மீதி இருப்பதாகவும், பிரேக் ஆயில் குறைந்துவிட்டதால் அவசரத்துக்கு அதை ஊற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு சொட்டுகூட ஊற்ற வேண்டாம். ஏற்கெனவே ஊற்றியிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் கீரிப்பாறையிலிருந்து நாகர்கோவிலுக்குக் குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தோம். இரண்டு நாள் முன்னர்தான் ஒரு பட்டறையில் பிரேக் ஆயில் நிரப்பியிருந்தேன். தடிக்காரன்கோணம் வருவதற்குள் வண்டி இழுக்க மறுத்தது. கருகிய வாடை வந்தது. இறங்கிப் பார்த்தால், முன்சக்கரத்தில் விழுந்த மழைத்துளி சுர்ரென்று ஆவியாகியது. பின்னிருக்கையில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

பூதப்பாண்டியிலிருந்து வந்த வயதான மெக்கானிக், பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தார். மூடிக்கடியிலிருந்த ரப்பர், ஊறவைத்த கடலையைப் போல உப்பி, திரும்பப் பொருந்த மறுத்தது. "மக்ளே, இந்த ரப்பரு எண்ணெய் குடிச்சிருக்கு" என்றவர், டம்ளர் தண்ணீரில் டப்பாவிலிருந்த திரவத்தில் கொஞ்சம் விட்டார். சிவப்புத் துளிகள் மேலே மிதந்தன. பட்டறையில் ஊற்றியிருந்தது கியர் ஆயில். உண்மையான பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். அது கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகைத் திரவம், எண்ணெயே அல்ல. பிரேக்கின் ரப்பர் வளையங்கள் அந்தத் திரவத்துக்கென்றே செய்யப்பட்டவை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அவை வீங்கி, மிதியின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரில் திரவம் திரும்பும் சிறு துளையை அடைத்துவிடுவதால், காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே நிற்கிறது. மாஸ்டர் சிலிண்டர் முதல் சக்கரத்து ஹோஸ் வரை ரப்பர் உள்ள அனைத்தையும் மாற்றித்தான் என் வண்டியை மீட்க முடிந்தது.

மெக்கானிக்குகளைக் குறைகூறுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். என்னைக் காப்பாற்றியவரும் மெக்கானிக்தான். ஆனால் எல்லாவற்றையும் 'ஆயில்' என்றே அழைக்கும் நம் வழக்கம்தான் இந்தத் தவறுக்கு இடங்கொடுக்கிறது என்பதை அழுத்தமாகச் சொல்வேன். ரப்பர் விளையும் மாவட்டத்தில் இருக்கும் நாமே இதை அறியாதிருப்பது எனக்கு வருத்தம்.

உங்கள் வண்டியில் அளவு ஏன் குறைந்தது என்பதையும் பாருங்கள். பிரேக் பேட் தேயத் தேய அளவு மெல்ல இறங்குவது இயல்பு. பிரேக் மிதியை அழுத்தியபடி வைத்திருக்கும்போது மிதி தானாகத் தாழ்ந்தால், கசிவோ மாஸ்டர் சிலிண்டர் கோளாறோ இருக்கலாம். பஞ்சுபோல அமிழ்ந்து, இரண்டு மூன்று முறை மிதித்ததும் இறுகினால் பெரும்பாலும் உள்ளே காற்று புகுந்திருக்கும்.

வண்டியிலுள்ள பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று திரவத்தின் தரவகை எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள். புதிய டாட் 4 திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் ஊரில், திறந்து மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த போத்தலைக் கடைக்காரர் நீட்டினால் மறுத்துவிட்டு, முத்திரை உடையாததைக் கேட்டு வாங்குங்கள்.