வேலை பார்த்துக்கொண்டே எம்கேட் தேர்வுக்கு உயிர்வேதியியலைத் தனியாகப் படிக்க முடியுமா?

கேள்வி: கோலாலம்பூரில் கணக்காய்வு வேலையில் இருக்கிறேன். பட்டப்படிப்பில் உயிர்வேதியியல் இல்லை. சிங்கப்பூர் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பிக்க எம்கேட் (மருத்துவப் பள்ளிச் சேர்க்கைத் தேர்வு) எழுத இருக்கிறேன். எங்கே தொடங்குவது?

பதில்: தாராளமாக முடியும். எம்கேட்டின் உயிரியல் பகுதியிலும் வேதியியல்-இயற்பியல் பகுதியிலும் ஏறக்குறைய 25 விழுக்காடு உயிர்வேதியியல்தான். ஒவ்வொன்றிலும் 95 நிமிடத்தில் 59 கேள்விகள். அவற்றில் 44 பத்தியைப் படித்துவிட்டுப் பதில் சொல்பவை. கால்குலேட்டர் கிடையாது. மனப்பாடத்தைவிடக் காரணம் சொல்லும் பழக்கம்தான் இங்கே உதவும்.

முதல் இரண்டு வாரமும் 20 அமினோ அமிலங்களுக்கே கொடுங்கள். ஓரெழுத்துக் குறியீட்டை எல்ஆர்டி ரயிலில் போகும்போதே அட்டை வைத்துப் படித்துவிடலாம். மின்னூட்டக் கணக்குக்கு மட்டும் மேசையும் பென்சிலும் வேண்டும். லைசின்–ஆஸ்பார்டேட்–அலனைன்–ஆர்ஜினைன் என்ற சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். பிஎச் (அமிலத்தன்மை அளவு; 7 என்றால் நடுநிலை) 7-இல் அதன் நிகர மின்னூட்டம் +1. பலர் நான்கு அமிலங்களின் அமினோ, கார்பாக்சில் தொகுதிகளையும் தனித்தனியே எண்ணிவிடுவார்கள். பிஎச் 7-இல் அவை ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் விடை அப்போதும் +1 என்றே வரும், தவறு தெரியாது. பிஎச் 1-இல் போட்டுப் பாருங்கள், அங்கே கார்பாக்சில் தொகுதிகளுக்கு மின்னூட்டம் இருக்காது: சரியான விடை +3, தவறாக எண்ணியவருக்கு +6. பெப்டைடு பிணைப்பில் சிக்கிய தொகுதிகளுக்கு மின்னூட்டம் இல்லை. இரு முனைகளும் பக்கச் சங்கிலிகளும்தான் கணக்கு. அதனால் ஒவ்வொரு சங்கிலியையும் பிஎச் 1, 7, 13 மூன்றிலும் போட்டுப் பழகுங்கள். ஹிஸ்டிடினுக்குத் தனிக் கவனம் தேவை. அதன் பக்கச் சங்கிலியின் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் புரோட்டானை இழந்திருக்கும் பிஎச்) சுமார் 6 என்பதால், பிஎச் 7.4-இல் ஏறக்குறைய 4 விழுக்காடு மட்டுமே நேர்மின்னூட்டத்தோடு இருக்கும்.

அடுத்து நொதிகள். நொதியில் வினைப்பொருள் ஒட்டும் இடத்துக்குப் போட்டியிடும் போட்டித் தடுப்பான் கேஎம்மை (பாதி உச்ச வேகத்துக்குத் தேவையான வினைப்பொருள் செறிவு) கூட்டும், விமேக்ஸை (உச்ச வேகம்) மாற்றாது என்று எல்லாரும் சொல்வார்கள். இரட்டைத் தலைகீழ் வரைபடத்தில் (1/செறிவுக்கு எதிராக 1/வேகம்) அதே ஆட்கள் கோட்டைத் தப்பான பக்கம் நகர்த்துவார்கள். கிடை அச்சை வெட்டும் இடம் கேஎம்மின் எதிர்மறைத் தலைகீழ். கேஎம் கூடினால் அந்தப் புள்ளி சுழியை நோக்கி வரும். கேஎம்மை மாற்றாமல் விமேக்ஸை மட்டும் குறைக்கும் போட்டியில்லாத் தடுப்பான் போட்டாலும், நொதியின் அளவைக் குறைத்தாலும் வரைபடம் ஒன்றுபோலவே இருக்கும். இந்த ஒற்றுமையைப் புரிந்துகொண்டால் பாதி நொதிக் கேள்விகள் தெளிந்துவிடும்.

வளர்சிதை மாற்றத்தில் எல்லா மூலக்கூறுகளையும் வரைய உட்காராதீர்கள், நேரம்தான் போகும். ஒவ்வொரு பாதையிலும் திரும்ப முடியாத படிகளையும், அவற்றை எது முடுக்குகிறது, எது தடுக்கிறது என்பதையும் மட்டும் பிடியுங்கள். குளுக்கோஸை உடைக்கும் பாதையான கிளைக்காலிசிசில் அப்படி மூன்று, அவற்றைச் செய்யும் நொதிகள்: ஹெக்ஸோகைனேஸ், பிஎஃப்கே-1 (பாஸ்போஃபிரக்டோகைனேஸ்-1), பைருவேட் கைனேஸ். பிறகு நிலைமையை வைத்து உங்களையே கேளுங்கள். தைப்பூச விரதத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பிடுபவரின் கல்லீரலில் மறுநாள் காலை என்ன நடக்கிறது? பட்டினியில் சுரக்கும் ஹார்மோனான குளுக்ககான் ஏறியிருக்கும், கிளைக்காலிசிசை முடுக்கும் ஃபிரக்டோஸ் 2,6-பிஸ்பாஸ்பேட் இறங்கியிருக்கும், அதனால் கல்லீரல் புதுக் குளுக்கோஸ் செய்கிறது. தசையிலும் கிளைக்கோஜன் (சேமித்த குளுக்கோஸ்) உண்டே, அது ஏன் இரத்தத்துக்கு வருவதில்லை? பாஸ்பேட்டைக் கழற்றிக் குளுக்கோஸை வெளியே விடும் நொதியான குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் தசையில் இல்லை.

குளுக்கோஸ் போகும் இன்னொரு வழியான பென்டோஸ் பாஸ்பேட் பாதையைச் சிறியது என்று விட்டுவிட வேண்டாம். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு பார்க்கிறார்களே, அந்த நொதி இந்தப் பாதையின் முதல் படி. அது குறைந்தால் என்ஏடிபிஎச் (எலக்ட்ரான் தரும் மூலக்கூறு) குறையும், செல்லை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கும் குளூட்டதயோன் புதுப்பிக்கப்படாது, சிவப்பணு உடையும்.

ஆய்வகமே பார்க்காதவர்கள் தடுமாறும் இடம் ஜெல் படங்கள். புரதங்களை எடைப்படி பிரிக்கும் எஸ்டிஎஸ்-பேஜ் ஜெல்லில் ஒடுக்கி (டைசல்பைடு என்ற கந்தகப் பிணைப்பை உடைக்கும் பொருள்) சேர்க்காமல் 100 கிலோடால்டனில் ஒரு பட்டை, சேர்த்தால் 50-இல் ஒரே பட்டை என்றால், டைசல்பைடால் இணைந்த சம எடையுள்ள இரு துணையலகுகள் என்று உடனே படிக்கத் தெரிய வேண்டும். வாரம் இரண்டு இரவை இதற்கு ஒதுக்குங்கள். தேர்வை நடத்தும் ஏஏஎம்சி அமைப்பின் அதிகாரபூர்வ மாதிரித் தேர்வுகளை மட்டும் கடைசி ஆறு வாரத்துக்கு மிச்சம் வையுங்கள்.