தூண்டில் கேள்வி-பதில்: துடுப்பு நின்றால் கொக்கியும் மாறணும்

வேளச்சேரி வாசகி ஒருவர்: ஐயா, என் மகன் கலிஃபோர்னியாவில் சான்டா க்ரூஸ் பக்கம் வேலை பார்க்கிறான். கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் கடலுக்குள் போய் சால்மன் பிடிக்கணும் என்று ஆசை. ‘வரும்போது ஒரு டப்பா கொக்கி வாங்கி வாம்மா, ஆனா எதிர்முள் இல்லாததா, வட்டக் கொக்கியா இருக்கணும்’ என்கிறான். அங்குள்ள விதிமுறையை போனில் படித்துக் காட்டினான். அவனுக்கே பாதிதான் புரிந்திருக்கிறது. கொக்கிக்கெல்லாமா சட்டம் போடுவார்கள்? நான் எதை வாங்கட்டும்?

பதில்: போடுவார்கள் அம்மா. நம் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை இருக்கிறது இல்லையா? எப்போது போகலாம், எந்தப் படகில் போகலாம் என்பதை இங்கே பார்க்கிறார்கள். சால்மன் விஷயத்தில் கலிஃபோர்னியாக்காரர்கள் கொக்கியின் முனை வரைக்கும் போய்விட்டார்கள். பாரிமுனையில் 31 வருஷம் தூண்டில் சாமான் கடை நடத்தியவன் நான். எத்தனை ஆயிரம் கொக்கி விற்றிருப்பேனோ, ஆனால் அந்தச் சின்ன முள்ளைப் பற்றி நான் உட்கார்ந்து யோசித்தது மகள் வீட்டுக்கு அந்த ஊருக்குப் போன பிறகுதான்.

கொக்கியின் கூர்முனைக்குச் சற்றுக் கீழே, பின்பக்கம் சாய்ந்து ஒரு முள் நிற்கும், அதுதான் எதிர்முள். குத்தின மீனைக் கழல விடாமல் வைத்திருப்பது அதுதான். கலிஃபோர்னியாவில் பாயின்ட் கன்செப்ஷன் முனைக்கு வடக்கே, கடலில் சால்மனுக்குத் தூண்டில் போடுகிறவர் அந்த முள் உள்ள கொக்கியைப் பயன்படுத்தக் கூடாது. சான்டா க்ரூஸ் அந்த எல்லைக்குள்தான் வருகிறது. கொக்கிக்கு ஒரே முனை, ஒரே தண்டுதான் இருக்கலாம். அப்படிப்பட்ட கொக்கி இரண்டுக்கு மேல் கூடாது. மூன்று முனைக் கொக்கி வேண்டவே வேண்டாம். ஆளுக்கு ஒரு ராடுதான்.

பிடித்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது என்பதுதான் இதற்குக் காரணம். அளவு குறைந்த மீனைத் திரும்ப விடணும். கோஹோ என்ற சால்மன் வகையை அந்த மாநிலத்தில் வைத்துக்கொள்ளவே கூடாது, தண்ணீரிலேயே கழற்றி அனுப்பிவிடணும். எதிர்முள் இருந்தால் கழற்றும்போது வாய் கிழிகிறது, கையில் பிடித்திருக்கிற நேரமும் கூடுகிறது. விட்ட மீன் பிழைக்கணும் என்பதற்காக எழுதின விதி அது.

உங்கள் மகனுக்குப் பாதி புரிந்தது என்றீர்களே, புரியாத பாதி வட்டக் கொக்கியாகத்தான் இருக்கும். பாயின்ட் கன்செப்ஷனிலிருந்து அதற்கு வடக்கே உள்ள ஹார்ஸ் மவுன்டன் வரைக்கும் ஒரு கூடுதல் விதி உண்டு. இரை மாட்டிப் பிடிக்கிறவர், படகை ஓட்டியபடி தூண்டிலை இழுத்துக்கொண்டு போகும் முறையைத் தவிர வேறு எப்படிப் பிடித்தாலும், எதிர்முள் இல்லாத வட்டக் கொக்கிதான் (முனை தண்டை நோக்கி உள்ளே திரும்பியது) போடணும். இரண்டு கொக்கி கட்டினால், மேல் கொக்கியின் காது (தூண்டில் நரம்பு கட்டும் துளை) உச்சியிலிருந்து கீழ்க் கொக்கி வளைவின் உள்ளடி வரை 5 இன்ச்சுக்கு மேல் போகக் கூடாது. இரண்டையும் நரம்பில் நகராதபடி முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கணும். ஓட்டிக்கொண்டு போவது என்றால் ஏதோ ஒரு விசையால் படகு முன்னே போகணும். காற்றோ நீரோட்டமோ தள்ளிக்கொண்டு போவது அதில் சேராது.

இதைக் கயாக்கில் வைத்துப் பாருங்கள். என்ஜின் படகுக்காரர் காலையில் ஒரு முறையைத் தேர்ந்தெடுத்தால் மத்தியானம் வரை அதே முறைதான். கயாக்கில் போகிறவன் பத்து நிமிஷம் துடுப்பு வலிப்பான், தோள் வலித்தால் நிறுத்துவான், தண்ணீர் குடிப்பான். 2022-இல் நானும் அப்படித்தான் நிறுத்தினேன். நெத்திலிக்கு உறவான ஆங்கோவி மீனைச் சாதாரண வளைவுக் கொக்கியில் மாட்டி, எதிர்முள்ளை நசுக்கி, முறையாகத்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். துடுப்பை மடியில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினேன், இரை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ரோந்துப் படகில் வந்த அதிகாரி கொக்கியைத் தூக்கிக் காட்டச் சொன்னார். பஞ்சால் தடவிப் பார்த்தார், நூல் மாட்டவில்லை. பிறகு பொறுமையாக விளக்கினார்: ‘நீங்கள் வலித்துக்கொண்டிருந்தவரை இந்தக் கொக்கி சரி. இப்போது காற்றில் மிதக்கிறீர்கள். இந்த நிமிஷம் இது தப்பு.’ அபராதம் போடவில்லை, எச்சரித்து அனுப்பினார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது அம்மா. ஓடுகிற இரையை மீன் பாய்ந்து கவ்வும், கொக்கி பெரும்பாலும் வாயில் நிற்கும். மெல்ல இறங்குகிற இரையை நிதானமாக விழுங்கிவிடும், சாதாரணக் கொக்கி தொண்டைக்கும் குடலுக்கும் போய்விடும். அந்த மீனை விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. வட்டக் கொக்கி உள்ளே போனாலும் நரம்பு இறுகும்போது வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும்.

அதனால் மகனிடம் சொல்லுங்கள்: கயாக்கில் இரை போடுவதாக இருந்தால் முதலிலிருந்தே வட்டக் கொக்கிதான். வலிக்கும்போதும் அதுதான், நிற்கும்போதும் அதுதான். இரையே இல்லாமல் செயற்கை மீன் மட்டும் கட்டினால் வட்டம் கட்டாயமில்லை, எதிர்முள் மட்டும் கூடாது. இன்னொன்று, கயாக்கில் ஒரு சால்மன் ஏறிவிட்டால், பிறகு பாறை மீனுக்குப் போட்டாலும் அதே கொக்கி விதிதான். பெட்டியில் முள் உள்ள கொக்கி இருக்கலாம், தண்ணீரில் இறங்கக் கூடாது.

இங்கே எதை வாங்குவது என்றால், எதிர்முள் இல்லாதது என்று கேட்டுக் கடை கடையாக அலைய வேண்டாம். நல்ல வட்டக் கொக்கி வாங்குங்கள். முனை உள்பக்கம் திரும்பி, தண்டை நேராக 90 டிகிரியில் பார்க்கணும். வட்டம் என்று சொல்லி அரை வளைவைத் தருவார்கள், கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். முள்ளைக் குறடால் மெல்ல நசுக்குவதை அவனே செய்துகொள்ளட்டும். ஒரே அழுத்தாக அழுத்தினால் முனை உடைந்துவிடும். நசுக்கினதும் பழைய பனியனில் குத்தி இழுத்துப் பார்க்கணும். துணி சிக்கினால் இன்னும் முள் இருக்கிறது.

மீன் கடித்ததும் ராடை வெடுக்கென்று இழுக்கிற நம் பழக்கம் வட்டக் கொக்கிக்கு ஆகாது. ரீலைச் சுற்றினாலே போதும், தானே மாட்டும். எதிர்முள் இல்லாததால் நரம்பு ஒரு நொடி தொய்ந்தாலும் மீன் போய்விடும். கயாக்கில் மீன் படகையே இழுக்கும் என்பதால் நரம்பு தானாகவே விறைப்பாக நிற்கும், அது ஒரு நன்மை. பெற்ற தாயாக உங்களுக்கு இன்னொரு நிம்மதியும் உண்டு. துள்ளுகிற மீன் மடியில் கிடக்க, ஆட்டம் போடுகிற கயாக்கில் கொக்கி கட்டைவிரலில் ஏறினால், முள் இல்லாதது வந்த வழியே வந்துவிடும். ராயபுரத்தில் சின்ன வயதில் என் அப்பாவின் உள்ளங்கையில் வஞ்சிரக் கொக்கி ஏறினதைப் பார்த்தவன் நான். கட்டுமரத்திலிருந்து ஆஸ்பத்திரி வரை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

டிக்கெட் போடும் முன் ஒன்று. சாக்ரமென்டோ ஆற்றுச் சினூக் சால்மன் குறைந்துபோனதால் 2023, 2024 இரண்டு வருஷமும் கலிஃபோர்னியாவில் கடல் சால்மன் பிடிப்பதையே மூடினார்கள். 2025-இல் சில நாட்கள் மட்டும் திறந்தார்கள். கடலில் இறங்குகிற அன்று காலையில் மாநில மீன்வளத் துறையின் அறிவிப்பை அவன் பார்த்துவிடணும்.

திருவான்மியூர் வாசகர்: வான்கூவருக்குப் படிக்கப் போகிறேன். அங்கேயும் இதே விதிதானா?

பதில்: எதிர்முள் இல்லாத கொக்கி அங்கேயும் கட்டாயம் தம்பி. மற்றதில் கலிஃபோர்னியா கணக்கை அங்கே போடாதீர்கள். கடலுக்கும் ஆறு ஏரிக்கும் தனித்தனி உரிமம். பிடித்த சால்மனை வைத்துக்கொள்ள உரிமத்தோடு சால்மன் பாதுகாப்பு முத்திரைக்கும் பணம் கட்டணும்.

மயிலாப்பூர் வாசகி: ஆப்பில் ‘இந்தியன் சால்மன்’ என்று விற்கிறார்களே, அதற்கும் இந்தச் சால்மனுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: இல்லை அம்மா. அது நம் காலா. குடும்பமே வேறு. முழு மீனாக வாங்கினால் பக்கத்துடுப்புக்குக் கீழே மீசை போல நான்கு இழை தொங்குவதைப் பார்க்கலாம், சால்மனுக்கு அது கிடையாது. வறுவலுக்கு அருமையான மீன், காலா என்றே கேட்டு வாங்குங்கள்.