கன்டீன் எண்ணெயில் வளாகத்து பஸ் ஓடுமா?

கேள்வி: திருகோணமலை, கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகத்தின் வாகனங்களைப் பார்த்துக்கொள்கிறேன். பழைய டீசல் பஸ் இரண்டு, வேன் மூன்று, ஓட்டோ ஒன்று. புகையையும் எரிபொருள் செலவையும் குறைக்கச் சொல்கிறார்கள். கன்டீனிலும் விடுதியிலும் மிஞ்சும் பொரித்த எண்ணெயை பயோடீசலாக்கி எல்லாவற்றுக்கும் ஊற்றலாமா?

பதில்: எல்லாவற்றுக்கும் வேண்டாம், ஒரு பழைய பஸ்ஸோடு தொடங்குங்கள். லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடும் பஸ் நாளுக்கு 60 கிலோமீற்றர் போனால் 15 லீற்றர் டீசல் வேண்டும். அதில் 20 சதவீதம் பயோடீசல் என்றால் 3 லீற்றர். 22 வேலைநாளுக்கு 66 லீற்றர். கன்டீன் எண்ணெய் அதற்கே காணுமா என்று முதலில் அளந்து பாருங்கள்.

வடிகட்டிய எண்ணெயை அப்படியே டாங்கியில் ஊற்றவே கூடாது. டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டியானது. இன்ஜெக்டர் முனையில் கரி கட்டிவிடும். 100 லீற்றர் எண்ணெய்க்குச் சுமார் 20 லீற்றர் மெதனோல், கூடவே கோஸ்டிக் சோடா சேர்த்துத்தான் பயோடீசல் ஆக்க வேண்டும். சோடாவின் அளவை ஒவ்வொரு தொகுதி எண்ணெய்க்கும் அமிலம் பார்த்து முடிவுசெய்யுங்கள். பலமுறை பொரித்த எண்ணெயில் அமிலம் கூடியிருக்கும். நீரும் சேர்ந்தால் கிடைப்பது சவர்க்காரம்தான். மெதனோல் நஞ்சு, அதன் சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சமையலறைப் பக்கம் போகாமல் ஆய்வுகூடத்திலேயே செய்யுங்கள். கழுவி உலர்த்திய பயோடீசலில் 3 மில்லிலீற்றரை 27 மில்லிலீற்றர் மெதனோலில் கலக்குங்கள். அடியில் எண்ணெய் தேங்கினால் அது வாகனத்துக்கு ஆகாது.

பஸ்ஸில் முதலில் டாங்கியை இறக்கிக் கழுவுங்கள். பயோடீசல் பழைய கசடைக் கரைத்துக் கிளப்பும். அது நேரே பில்டரில் போய் அடைக்கும். வண்டி ஏற்றத்தில் இழுக்காமல் திணறுவது இதன் முதல் அறிகுறி. சாரதிகள் பயோடீசலைத் திட்டுவார்கள், ஆனால் குற்றம் பழைய டாங்கியுடையது. கையில் இரண்டு பில்டர் வைத்துக்கொண்டு 5 சதவீதத்தில் தொடங்கி மெதுவாக 20க்கு ஏற்றுங்கள். எரிபொருள் குழாய்களை நகத்தால் அழுத்திப் பாருங்கள்: ஊதியோ பிசுபிசுத்தோ இருந்தால் பயோடீசலுக்கு ஊதாத விட்டோன் என்ற ரப்பர் குழாய் போடுங்கள். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நீர் பிரிப்பானை வாரந்தோறும் திறந்து, தேங்கிய நீரை வெளியே விடுங்கள். நீண்ட விடுமுறைக்கு முன் பயோடீசல் கலந்த எரிபொருளை ஓட்டித் தீர்த்துவிட்டு, சாதாரண டீசலால் டாங்கியை நிரப்பி நிறுத்துங்கள். அரைகுறை டாங்கியில் ஈரம் சேரும், கிருமி வளரும், அதன் வழவழப்பான படலம் பில்டரை மூடும்.

புதிய வேன்களின் கொமன் ரெயில் இன்ஜினுக்கு (மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் வகை) கையேட்டில் எவ்வளவு பயோடீசல் கலப்பு எழுதியிருக்கிறதோ அதைத் தாண்டாதீர்கள். பெரும்பாலும் 5 அல்லது 7 சதவீதம்தான். கந்தகம் குறைந்த சுப்பர் டீசல் அவற்றுக்கு நல்லது, செலவைக் குறைக்காது என்பது வேறு விடயம்.

மின்சாரத்துக்கு முதலில் மாற வேண்டியது ஓட்டோவும், நகரத்துக்கும் நிலாவெளிக்கும் போய்வரும் ஒரு வேனும். கொழும்புக்கும் மட்டக்களப்புப் பக்கம் வந்தாறுமூலைக்கும் போகும் வாகனங்களை இப்போதைக்கு விட்டுவிடலாம். வேனுக்கு 7 கிலோவாட் சார்ஜர் என்றால் தனி மின்சுற்றும் ட்ரிப் ஸ்விட்சும் கட்டாயம். சார்ஜரைக் கடற்காற்று நேரே படாத சுவரில் பொருத்துங்கள். உப்பால் முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்தால் தொடுப்பு சூடேறி பிளக் உருகும். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.