குடிக்காதவர் எடின்பரோ பேய்க்கதை பப் உலாவுக்குப் போகலாமா?

நண்பர்கள் எல்லாரும் குடிப்பார்கள், நான் மட்டும் குடிக்க மாட்டேன், டிக்கெட் வீண்தானே என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். பப் பப்பாக நடந்து பேய்க்கதை கேட்கும் அந்த உலாவில் விற்பது கதைதான், பீர் ஒரு சாக்கு. ஆனால் டிக்கெட் விலையில் பானம் சேர்த்தியா என்று முதலில் பாருங்கள். சேர்த்தி என்றால் குளிர்பானமாக மாற்றித் தருவார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

எடின்பரோவின் பழைய சந்தைச் சதுக்கமான கிராஸ்மார்க்கெட்டில் மேகி டிக்சன் என்ற பெண்ணின் பெயரில் ஒரு பப் இருக்கிறது. 1724-இல் அவரை அந்தச் சதுக்கத்தில்தான் தூக்கிலிட்டார்கள். உடலை ஊருக்குக் கொண்டு போகும் வழியில் சவப்பெட்டிக்குள்ளிருந்து சத்தம்! அதன் பிறகும் பல வருடம் வாழ்ந்தார். தூக்குமேடை நின்ற இடத்தருகே இதைக் கேட்கும்போது, கையில் ஐயர்ன் புரூ என்ற ஸ்காட்லாந்துக் குளிர்பானம் இருந்தாலும் முதுகு சிலிர்க்கும்.

ஸ்காட்லாந்தில் 18 வயது ஆனால் மது வாங்கலாம். ஆனால் 25-க்குக் கீழே தெரிந்தாலே அடையாள அட்டை கேட்பார்கள். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் செருப்பு. கல் பாவிய சரிவுப் பாதை, மழையில் நன்றாக வழுக்கும். மூன்றாவது பப்புக்குப் பிறகு நண்பர்களைப் பிடித்து நடத்தப் போவது நீங்கள்தான்!