டென்னிஸ் கேள்வி–பதில்: அரையிறுதிக்கு முன்னும் பின்னும்

டென்னிஸ் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நம் வீரர்களின் வெற்றியையும், அதைத் தேசிய ஊடகங்கள் பேசிய விதத்தையும் பற்றியே இருந்தன. ஆகவே இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கோவையைச் சேர்ந்த மாயா ராஜேஷ்வரன் மும்பைப் போட்டியில் அரையிறுதிக்கு வந்தபோது வடநாட்டுத் தொலைக்காட்சிகள்கூட அவரைப் பற்றிப் பேசின. ‘அடுத்த சானியா’ என்று பட்டமும் சூட்டின. சில வாரங்களிலேயே அந்தப் பேச்சு ஓய்ந்துவிட்டது. இத்தகைய கவனம் அந்தப் பெண்ணுக்கு நல்லதா, கெட்டதா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி)

பதில்: ஐயா, நல்லதுதான் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியின் படம் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட் வீரர்களுக்கு மேலே வந்த காலையில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். கோவை என்றாலும் அவர் நமக்கு வேற்றூர்ப் பெண் அல்லர். அந்த ஊரைத் தொட்டு ஓடும் நொய்யல், கரூர்ப் பக்கம் காவிரியில் கலந்த பிறகுதானே நம் வாய்க்கால்களுக்கு வருகிறது!

ஆனால் நடந்தது என்ன என்பதைச் சரியாகச் சொன்ன செய்திகள் குறைவு. 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்தது, மகளிர் டென்னிஸ் சங்கத்தின் ‘125’ நிலைப் போட்டி. அது அச்சங்கத்தின் முதல்நிலைப் போட்டிகளுக்கு ஒரு படி கீழே உள்ளது. மாயாவுக்கு அதில் நேரடியாக இடம் கிடைக்கவில்லை. தகுதிச் சுற்றில் ஆடி உள்ளே வந்து, முதன்மைச் சுற்றிலும் மூன்று ஆட்டங்களை வென்று அரையிறுதியை எட்டினார். அங்கே அவரை வென்றவர் ஸ்விட்சர்லாந்தின் ஜில் டைக்மன். ஒரு காலத்தில் உலகத் தரவரிசையில் 21-ஆம் இடம் வரை உயர்ந்தவர், அந்தப் பட்டத்தையும் இறுதியில் அவரே வென்றார். இத்தனையையும் சேர்த்துப் படித்தால்தான், அந்த ஒரு வாரத்தில் மாயா செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதும், அவர் இன்னும் ஏற வேண்டிய படிகள் எவை என்பதும் ஒருங்கே விளங்கும். வெறும் ‘அரையிறுதி’ என்ற சொல்லை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டால் இரண்டுமே விளங்காது.

‘அடுத்த சானியா’ என்ற பட்டம்தான் எனக்கு உறுத்துகிறது. சானியா மிர்சா 2005-ல் ஆஸ்திரேலிய ஓப்பனில் மூன்றாம் சுற்றை எட்டி, அடுத்த மாதமே ஹைதராபாத்தில் ஒற்றையர் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 18. அதன்பின் ஊடகங்கள் அவருடைய முன்கை வீச்சைவிட அவருடைய ஆடையைப் பற்றியே அதிகம் பேசின. 2007-ல் அவர் 27-ஆம் இடத்தை எட்டினார். அதற்கு மேலே ஒற்றையர் தரவரிசையில் எந்த இந்தியப் பெண்ணும் இன்றுவரை போனதில்லை. அந்த உயரத்தை ஒரு சிறுமியின் தலையில் முன்கூட்டியே ஏற்றி வைப்பது அன்பாகுமா என்று யோசிக்க வேண்டும். மேலும், சானியாவுக்கு முன்பு யாருமே இல்லாதது போன்ற தோற்றத்தையும் அந்தப் பட்டம் உண்டாக்குகிறது. 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை வென்ற நிருபமா வைத்தியநாதன்தான், ஓப்பன் காலத்தில் (தொழில்முறை வீரர்களும் ஆட அனுமதிக்கப்பட்ட 1968 முதல்), கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளின் ஒற்றையர் முதன்மைச் சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண். அவரும் கோவையில் பிறந்தவர். மாயாவைப் பற்றிய செய்தியில் நிருபமாவுக்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தால், அந்த ஊருக்கும் இந்த விளையாட்டுக்கும் உள்ள தொடர்ச்சி படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: தொலைக்காட்சி இல்லாத காலத்திலேயே ராமநாதன் கிருஷ்ணன் பெயர் எங்கள் வீட்டுத் திண்ணையில் அடிபட்டது என்று என் தந்தையார் சொல்வார். இன்று கையில் கைப்பேசி இருந்தும் என் மகனுக்கு ஒரு தமிழக டென்னிஸ் வீரரின் பெயர்கூடத் தெரியவில்லை. ஏன்?
(துணிக்கடை உரிமையாளர், கும்பகோணம்)

பதில்: கிருஷ்ணனின் ஆட்டம் அப்படிப்பட்டது. 1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவர். 1960, 1961 இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதி ஆடினார். முதலாண்டு நீல் ஃபிரேசரிடமும் மறு ஆண்டு ராட் லேவரிடமும் தோற்றார், அவ்விருவருமே அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள் ஆனார்கள்.

ஆனாலும் திண்ணைவரை அவர் பெயர் வந்ததற்கு, நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பையும் ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். 1966-ல் கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிரான ஆட்டத்தில், தாமஸ் கோச்சிடம் இரண்டுக்கு ஒன்று என்ற செட் கணக்கில் பின்தங்கி, நான்காம் செட்டிலும் 2–5 என்ற நிலையில் இருந்த கிருஷ்ணன், அங்கிருந்து மீண்டு அந்தச் செட்டையும் அடுத்த செட்டையும் கைப்பற்றி, இந்தியாவை முதன்முறையாக இறுதிப் போட்டிக்குக் கொண்டு சென்றார். தனி ஒருவரின் வெற்றி நாட்டின் வெற்றியாக மாறும்போது, விளையாட்டு தெரியாதவர்களும் மறுநாள் நாளிதழைப் பிரிப்பார்கள். மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றாலும், ஜெய்தீப் முகர்ஜியுடன் சேர்ந்து நியூகோம்ப்–ரோச் இணையை இரட்டையரில் அவர் வீழ்த்தியது சிறிய செய்தி அன்று.

இன்று டென்னிஸ் ஆண்டு முழுவதும் ஊர் ஊராக, நாடு நாடாக நடக்கிறது. ஆட்டங்கள் ஏராளம், வீரர்களும் ஏராளம். பின்தொடர்வதற்கு ஒரு கதை கையில் இல்லாவிட்டால் கைப்பேசி இருந்தும் பயனில்லை. சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 2019-ல் நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளின் ஒற்றையர் முதன்மைச் சுற்றிலும் ஆடினார். ராம்குமார் ராமநாதன் 2017-ல், அப்போது உலகின் முதல் பத்துக்குள் இருந்த டொமினிக் தீமை வென்றார்; மறு ஆண்டு நியூபோர்ட்டில் இறுதிப் போட்டி வரை போனார். உங்கள் மகனிடம் இந்த இரண்டு பெயர்களையும் இன்றிரவு சாப்பாட்டின்போது சொல்லுங்கள்.

கேள்வி: ஊடகங்கள் பேசினால் மட்டும் என்ன, பணமா வந்துவிடப் போகிறது?
(வாசகி, பாபநாசம்)

பதில்: சில நேரங்களில் வருகிறது, அம்மா. இதற்கு நாடறிந்த சான்று சுமித் நாகல். அவர் ஹரியாணாக்காரர். தம் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் மிஞ்சியிருக்கிறது என்று 2023 செப்டம்பரில் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவர்தான் ஒற்றையரில் நாட்டின் முதல் நிலை வீரர்! அந்தச் செய்தி பரவிய பிறகு உதவிகள் வந்தன. நான்கே மாதங்களில், ஆஸ்திரேலிய ஓப்பனில் தகுதிச் சுற்றிலிருந்து நுழைந்து, 31-ஆம் தரநிலை (முன்னணி வீரர்களுக்குப் போட்டியில் தரப்படும் வரிசை எண்) பெற்றிருந்த அலெக்சாண்டர் பூப்ளிக்கை நேர் செட்களில் வென்றார். 1989-ல் அப்போதைய உலக முதல் நிலை வீரர் மாட்ஸ் விலாண்டரை, ராமநாதன் கிருஷ்ணனின் மகனான நம் ரமேஷ் கிருஷ்ணன் வென்ற பிறகு, கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் தரநிலை பெற்ற வீரர் ஒருவரை இந்திய ஆண் வென்றது அதுவே முதல்முறை. அடுத்த மாதம் சென்னையில் சேலஞ்சர் (முதல்நிலைப் போட்டிகளுக்கு ஒரு படி கீழானது) பட்டத்தையும் வென்று, முதன்முறையாக முதல் நூறு பேருக்குள் நுழைந்தார்.

‘நூறு’ என்ற எண்ணுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று கேட்பீர்கள். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் ஆடும் 128 பேரில் 104 பேருக்குத் தரவரிசையைக் கொண்டுதான் இடம். அந்த எல்லைக்குள் இருப்பவர் முதல் சுற்றிலேயே தோற்றாலும் பயிற்சியாளருக்கும் பயணத்துக்கும் வேண்டிய தொகை கைக்கு வரும். 2024 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றவர்களுக்கே 60,000 பவுண்டு கொடுத்தார்கள். 150-ஆம் இடத்தில் இருப்பவரோ கைப்பணத்தைச் செலவழித்து விமானம் ஏற வேண்டியிருக்கும். ஆகவே ஊடகம் பேச வேண்டிய நேரம் 150-ஆம் இடத்தில் இருக்கும்போதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு சிறிய சர்வதேசப் போட்டியின் தகுதிச் சுற்றைப் பார்க்கப் போயிருந்தேன். என்னையும் சேர்த்துப் பார்வையாளர்கள் பதினோரு பேர். தோற்ற இளைஞர் நாற்காலியில் உட்கார்ந்து, மட்டையின் கைப்பிடியில் சுற்றியிருந்த நாடாவைப் பிரித்துக்கொண்டிருந்தார். நாடாவிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாகச் சிமெண்ட் தரையில் விழுந்து, விழுந்த இடத்திலேயே காய்ந்தது. அவருடைய தந்தை சற்றுத் தள்ளி நின்று ஊருக்குத் திரும்பும் பேருந்தின் நேரத்தை யாரிடமோ கைப்பேசியில் விசாரித்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு செய்தியாளரும் இல்லை.

கேள்வி: இரட்டையரில் வென்றால் ஏன் ஓரத்தில் நாலு வரி?
(வாசகர், மயிலாடுதுறை)

பதில்: நியாயமே இல்லை. 2024 செப்டம்பரில் ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் சீனாவின் ஹாங்சோவில், ஆண்களுக்கான தொழில்முறை டென்னிஸ் சங்கமான ஏ.டி.பி.யின் பட்டம் வென்றார்கள், முதல் செட்டை இழந்த பிறகு மீண்டு வென்ற இறுதிப் போட்டி அது. தமிழ்நாட்டு வீரர்கள் இருவர் ஒரே அணியாக நின்று பெற்ற அந்த வெற்றி, முதல் பக்கத்தில் வந்திருக்க வேண்டியது.

கேள்வி: சுனாமி வந்த ஆண்டில் சென்னையில் வென்ற வெளிநாட்டு வீரர் பரிசுப் பணத்தை நிவாரணத்துக்குக் கொடுத்தார் என்கிறார்களே, உண்மையா?
(மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர், நாகப்பட்டினம்)

பதில்: உண்மை. அவர் ஸ்பெயினின் கார்லோஸ் மோயா. 2004 டிசம்பர் 26-க்கு அடுத்த வாரம் தொடங்கிய சென்னை ஓப்பனில் அவர் பட்டம் வென்று, பரிசுத் தொகையைச் சுனாமி நிவாரணத்துக்கு அளித்தார். இறந்தவர்களின் கணக்கே நாகையில் அப்போது முடிந்திருக்கவில்லை. 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் நடந்த அந்தப் போட்டி, 2018-ல் புனேக்குப் போய்விட்டது. இரவு ரயிலில் ஏறிப் போய் மறுநாள் உலக வீரர்களை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு அதோடு போயிற்று என்பதுதான் எனக்குத் தீராத வருத்தம்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. மாயாவைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து மட்டை வேண்டும் என்கிறாள். எங்கள் பக்கம் ஆடுகளமே கிடையாது. என்ன செய்வது?
(ஒரு தாய், திருவையாறு)

பதில்: சகோதரி, ஊடகக் கவனத்தின் முழுப் பயனும் உங்கள் வீட்டில்தான் தெரிகிறது. முதலில் மட்டையைவிடப் பந்தைக் கவனியுங்கள். பத்து வயதுக்குட்பட்டோருக்கு அழுத்தம் குறைந்த பந்துகள் உள்ளன. சிவப்புப் பந்து வழக்கமான மஞ்சள் பந்தைவிட 75 விழுக்காடும், ஆரஞ்சு 50 விழுக்காடும், பச்சைப் புள்ளிப் பந்து 25 விழுக்காடும் வேகம் குறைந்தவை. பெரியவர்களின் பந்தைக் கொடுத்தால் அது குழந்தையின் தலைக்கு மேலே எழும்பி, தோள்தான் வலிக்கும். சிவப்புப் பந்துக்கு வீட்டு முற்றமும் ஒரு கயிறும் போதும்.

ஆடுகளத்துக்குத் தஞ்சை அன்னை சத்யா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். உங்கள் ஊரில் யாராவது புதிதாக அமைக்க முன்வந்தால், சுற்று இடத்தோடு சேர்த்து 120 அடிக்கு 60 அடி வேண்டும். நம் கணக்கில் ஏறத்தாழ அரை மா நிலம். மண் தரையாக அமைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆட முடியாது என்பதையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள். போட்டிகளில் ஆடும் நிலை வந்ததும், அகில இந்திய டென்னிஸ் சங்கத்தில் பதிவு செய்தால் 12 வயதுப் பிரிவிலிருந்தே தேசியத் தரவரிசைப் புள்ளிகள் பெறலாம்.

கேள்வி: செய்தித்தாளில் வராத ஆட்டங்களை நாங்கள் எப்படித்தான் பின்தொடர்வது?
(கல்லூரி மாணவர், திருவாரூர்)

பதில்: தம்பி, கிராண்ட் ஸ்லாம் போல ஒரு வாரத்துக்கு மேல் நீளும் பெரிய போட்டிகளின் நடுவே வரும் நாட்களைத் தவிர, ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதிய தரவரிசை வெளியாகும். ஒரு நோட்டில் நம் வீரர்கள் ஐந்தாறு பேரின் இடத்தை எழுதி வாருங்கள். சேலஞ்சர் ஆட்டங்களை ஏ.டி.பி. தளத்தில் நேரலையில் பார்க்கலாம். அதற்கும் கீழ்நிலைப் போட்டிகளின் புள்ளிகளைச் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் தளத்தில் உடனுக்குடன் காணலாம். ஓராண்டு எழுதிய பிறகு அந்த நோட்டை எனக்கு அனுப்பி வையுங்கள். அதிலிருந்து ஒரு பக்கத்தை இந்தப் பகுதியிலேயே வெளியிடுகிறேன்.